குரலை இறக்கியவர்கள்

அந்தக் கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு மைக், ஸ்பீக்கர் கட்டித் தர ஒப்புக்கொண்டபோது ஹஃப்சா ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்தாள். மண்டபத்துக்கு வெளியே பந்தலில் உட்காரப் போகிற ஜனங்களுக்கும் உள்ளே நடப்பது ஒரு சொல் விடாமல் கேட்க வேண்டும். அவர்கள் பந்தலிலிருந்து பேசுவதும் உள்ளே அதே மாதிரி கேட்க வேண்டும்.

"அதுக்குத்தானேம்மா உங்கள மாதிரி படிச்ச ஆளுகளக் கூப்பிடுதோம்" என்றார் அய்யாத்துரை.

எண்ணூரில் இருக்கிற ஒரு ரசாயனக் கம்பெனிக்குக் கூட்டம், விழா, விருந்து எல்லாம் ஏற்பாடு செய்து கொடுக்கிறவர் அவர். கம்பெனி தன் கிடங்குகளை முகத்துவாரப் பக்கம் இன்னும் நீட்டிக்கொள்ள அனுமதி கேட்டிருந்தது. அனுமதி தருவதற்கு முன்னால் அந்தப் பகுதி ஜனங்களைக் கூட்டி வைத்து, அவர்களுடைய சம்மதத்தையும் எதிர்ப்பையும் அதிகாரிகள் காதால் கேட்டாக வேண்டும். கூட்டத்தை நடத்துவது அரசாங்கம். இடம், சாப்பாடு, மைக் செட் மட்டும் கம்பெனி செலவு.

ஹஃப்சா அப்படி நிபந்தனை வைக்கக் காரணம் இருந்தது. முன்பு ஒரு தடவை இதே மாதிரி ஒரு கூட்டத்தில் வெளியே கும்பலோடு கும்பலாக நின்றிருக்கிறாள். உள்ளே யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். வெளியே கட்டியிருந்த குழாயில் கொரகொரவென்று ஏதோ வந்தது. நின்று நின்று பார்த்துவிட்டு, தயிர் சாதப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு ஜனங்கள் வீட்டுக்குப் போனார்கள். சத்தத்தையே பிழைப்பாக வைத்திருக்கிறவளுக்கு அன்றைக்கு அந்தக் குழாயைக் கல்லால் அடிக்க வேண்டும் போல இருந்தது.

கல்மண்டபம் பகுதியில் ஹஃப்சாவும் ஜெனிஷும் கூட்டாகச் சவுண்ட் சர்வீஸ் வைத்திருந்தார்கள். ஒரே வகுப்பில் ஒலிப்பதிவு படித்தவர்கள். ஜெனிஷின் அப்பா தெற்கே சாத்தான்குளத்துப் பக்கத்திலிருந்து வந்து தண்டையார்பேட்டையில் மளிகைக் கடை போட்டவர்; மகன் பிறந்ததும் வளர்ந்ததும் இங்கேதான். ஹஃப்சாவின் கணவன் உபைதுல்லா துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான். ஒரு பொம்பளையும் வேற்று ஆம்பளையும் சேர்ந்து கடை வைத்தால் ஊர் என்ன பேசும் என்று சொந்தக்காரர்கள் கேட்டபோது, "பேசுறவன் பேசட்டும் மாமு. மைக்கு நம்ம கைலதானே கீது" என்று சொல்லி அனுப்பியவன் அவன்.

வேலையை இரண்டாகப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். மிக்ஸரில் உட்கார்ந்து காதால் கேட்டுச் சரிசெய்வது ஹஃப்சா. கேபிள், கம்ப்யூட்டர், அதற்குள் இருக்கிற சமாச்சாரம் எல்லாம் ஜெனிஷ். அவன் ஒரு இடத்தில் கேபிள் இழுத்து முடித்துவிட்டால் ஹஃப்சா திரும்பப் போய்ப் பார்க்க மாட்டாள். அவ்வளவு நம்பிக்கை.

கூட்டத்துக்கு முந்தின நாள் காலையிலேயே திருவொற்றியூர் நெடுஞ்சாலை ஓரத்து மண்டபத்தில் பெட்டிகளை இறக்கினார்கள். புதிதாக வாங்கிய டிஜிட்டல் மிக்ஸருக்கு அதுதான் முதல் பெரிய வேலை. பழைய நாளில் மேடையிலிருந்து மிக்ஸர் வரைக்கும் மலைப்பாம்பு மாதிரி ஒரு கேபிளை நாலு பேர் சேர்ந்து இழுக்க வேண்டும். இப்போது அது வேண்டாம். மேடையில் ஒரு பெட்டி, பந்தலில் ஒரு பெட்டி. மைக்குகளை அந்தந்தப் பெட்டியில் செருகிவிட்டால், வீட்டுக்கு இன்டர்நெட் இழுப்பது போல ஒரு மெல்லிய லேன் கேபிள் போதும். எல்லோருடைய குரலும் அந்தக் கம்பி வழியாக வந்து, மிக்ஸர் பக்கத்தில் இருக்கிற சுவிட்ச் பெட்டியில் கூடி, எங்கே போகச் சொல்கிறோமோ அங்கே போகும்.

முதலில் அது மக்கர் பண்ணியது. பந்தல் மைக்கைத் திறந்தால் பல்லி கத்துவது போல டிக் டிக்கென்று சத்தம். ஜெனிஷ் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து லேப்டாப்பைப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"மேடைப் பெட்டி ஒரு கடிகாரத்துல ஓடுது, பந்தல் பெட்டி வேற கடிகாரத்துல ஓடுது. ரெண்டும் தனித்தனியா தாளம் போட்டுகினு கீது. ஒண்ணத் தலைவனாக்கிட்டா மத்தது பின்னாடி வந்துடும்."

அப்படியே செய்தான். டிக் டிக் நின்றது. ஆனால் கன்டெய்னர் லாரிகளின் உறுமல் நிற்கவில்லை. சாலையைத் தொட்டாற்போல் பந்தல். துறைமுகத்துக்குப் போகிற ட்ரெய்லர் ஒவ்வொன்றும் பிரேக் போடும்போது, மைக் அதை அப்படியே விழுங்கி மண்டபத்துக்குள் கக்கியது.

"அதுக்குப் பிளக்-இன் போட்டுடலாம்" என்றான் ஜெனிஷ். பந்தல் மைக்கின் குரலை மிக்ஸரிலிருந்து லேப்டாப்புக்கு அனுப்பி, அங்கே ஒரு மென்பொருள் லாரி இரைச்சலைக் கழித்துவிட்டுக் குரலை மட்டும் மிக்ஸருக்குத் திருப்பி அனுப்பும். கண்ணிமைக்கும் நேரத்துக்குள் போய்த் திரும்பிவிடும். கேட்கிறவருக்குத் தெரியவே தெரியாது. மண்டபத்தில் ஏசி இல்லை, லேப்டாப் சூடாகும் என்பதால் மேடைக்குப் பின்னாலிருந்த மணமகள் அறையை அய்யாத்துரை திறந்துவிட்டார். அங்கே ஏசி இருந்தது. ஜெனிஷ் மஞ்சள் கேபிள் ஒன்றை அந்த அறை வரைக்கும் இழுத்தான்.

"ஹஃப்சா, பந்தல் மைக்குல போய்க் கொஞ்சம் பேசு" என்று உள்ளிருந்து அவன் குரல் கேட்டது.

அவள் பேசினாள்.

"இப்ப யாரையாவது திட்டு. நல்லா கோவமா."

தண்ணி லாரிக்காரன் ஒருவன் எதிரே நிற்பதாக நினைத்துக்கொண்டு அவள் திட்டினாள். ஸ்பீக்கர் தூக்கிக்கொண்டிருந்த ஆட்கள் வேலையை விட்டுவிட்டுக் கைதட்டினார்கள்.

"பத்தல. தொண்ட கிழியக் கத்து. சரி, திரும்ப மெதுவா. இப்ப மறுபடியும் கத்து."

"இன்னாத்துக்குடா இது, லாரிக்குத்தானே போடுறே?"

"லாரி கத்துறதுக்கும் ஜனங்க கத்துறதுக்கும் வித்தியாசம் அதுக்குத் தெரிய வேணாமா? அதுக்குத்தான்."

நியாயமாகத்தான் இருந்தது. கத்திக் கத்தித் தொண்டை கமறிப்போய், ஒரு டீ வாங்கிக் குடித்தாள். சாயங்காலம் கடைசியாக ஒரு தடவை சோதித்தபோது பந்தல் மைக் பளிங்கு மாதிரி இருந்தது. லாரி போனதே தெரியவில்லை. ஜெனிஷின் முதுகில் தட்டிவிட்டு வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் ஜனங்கள் வந்து சேர்வதற்கு முன்பே மண்டபத்து நாற்காலிகள் நிரம்பியிருந்தன. கம்பெனியின் ஒப்பந்த ஆட்களை விடியற்காலையிலேயே வேனில் கொண்டுவந்து உட்கார வைத்துவிட்டார்கள். எண்ணூர்க் குப்பங்களிலிருந்து ஷேர் ஆட்டோ பிடித்து வந்தவர்கள் பந்தலுக்குப் போனார்கள். போகட்டும், அதற்குத்தானே இத்தனை கேபிள் என்று ஹஃப்சா தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

மேடையில் நடுவில் மாவட்ட அதிகாரி, நாற்பதைத் தாண்டிய பெண்மணி. பக்கத்தில் கம்பெனியின் பெரிய மேலாளர். அவர் திட்டத்தை விளக்கினார். வேலைவாய்ப்பு என்றார், பசுமை வளையம் என்றார். உள்ளே இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து கம்பெனியை வாழ்த்தினார்கள். எல்லாக் குரலும் கணீரென்று கேட்டது.

பிறகு பந்தல் மைக்கின் முறை வந்தது. முதலில் ஒரு பெரியவர் பேசினார். நன்றாகத்தான் ஆரம்பித்தார். நடுநடுவே குரல் எங்கோ கிணற்றுக்குள் போய்விட்டுத் திரும்பியது. மைக்கை வாயிலிருந்து தள்ளிப் பிடிக்கிறார் போல என்று ஹஃப்சா நினைத்தாள். அடுத்து இரண்டு பேர். அவர்களுக்கும் அப்படியே. மிக்ஸரில் பந்தல் மைக்குக்கான கைப்பிடியைக் கொஞ்சம் மேலே தள்ளி வைத்தாள். பந்தலிலிருந்து ஒருவன் வாசல் வரைக்கும் ஓடிவந்து, "இன்னாம்மா சவுண்டு செட்டு வெச்சுகினு கீறே, கலீஜா கீது!" என்று கத்திவிட்டுப் போனான். ஹஃப்சாவுக்கு முகம் சுண்டிப்போயிற்று. அவள் வேலையை யாரும் அப்படிச் சொன்னதில்லை.

நாலாவதாகப் பூமாரி வந்தாள். ஆற்றில் இடுப்பளவு தண்ணீரில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கிறவள். வந்ததும் மைக்கை வாங்கி, அதிகாரியைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டாள்.

"வணக்கம் மேடம். எம் பேரு பூமாரி. ஆத்துல எறங்கி எறா தடவுறது எங்க தொயிலு. எங்கம்மாவும் அதான் பண்ணாங்க. எங்களாண்ட படகு இல்ல, வலை இல்ல. இந்தக் கைதான் கீது."

ஒவ்வொரு சொல்லும் தெளிவாக விழுந்தது. ஹஃப்சா நிம்மதியாக மூச்சு விட்டாள்.

"மயை பேஞ்சா போதும், அந்தச் சாக்குல இவுங்க கம்பெனிக் கழிவுத் தண்ணியத் தொறந்து வுடுறாங்க. நொர தள்ளிக்கினு வருது. அதுல நின்னு நின்னு கால்ல பாருங்க, தோலு இல்ல. ஆசுபத்திரிக்குப் போனா ஆத்துல எறங்காதேன்றாங்க. எறங்காம இன்னாத்தத் துன்றது?"

அங்கே அவள் குரல் ஏறியது. ஏறின இடத்தில், மண்டபத்துக்குள் அது இறங்கியது. பக்கத்து வீட்டு ரேடியோவை யாரோ திருகிக் குறைத்தது போல இருந்தது. பூமாரிக்கும் அது தெரிந்தது. மைக்கை ஒரு தட்டுத் தட்டினாள். இன்னும் உரக்கப் பேசினாள். உரக்கப் பேசப் பேச, குரல் தேய்ந்து கொசுவின் ரீங்காரம் மாதிரி ஆயிற்று. கழுத்து நரம்பு புடைக்க அவள் கத்துவதை வாசல் வழியாக எல்லோரும் பார்த்தார்கள். கேட்கத்தான் இல்லை. உள்ளே யாரோ, "பேட்டரி காலி" என்றான். வரிசை வரிசையாகச் சிரித்தார்கள்.

மேலாளர் மைக்கை இழுத்து, "அம்மா, நிதானமாகச் சொல்லுங்கள். நாங்கள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம்" என்றார். அவர் குரல் மட்டும் மண்டபம் முழுக்க நிறைந்து நின்றது.

ஹஃப்சா மிக்ஸர் திரையைப் பார்த்தாள். பந்தல் மைக்கில் உள்ளே வருகிற சத்தம் சிவப்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. வெளியே போகிற சத்தம் அடியில் கிடந்தது. நடுவில் எவனோ அமுக்குகிறான். அந்தச் சேனலைத் திறந்தாள். பிளக்-இன் பொத்தான் எரிந்துகொண்டிருந்தது. அதை அணைத்தாள். "—சொல்லு! அந்தத் தண்ணிய நீ குடிப்பியா?" என்று பூமாரியின் குரல் வெள்ளமாகப் பாய்ந்தது. மேடையில் இருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். அடுத்த நொடி மறுபடியும் கிணற்றுக்குள். ஹஃப்சா விரலையே வைக்கவில்லை. அணைத்த பொத்தான் தானாக எரிந்தது.

தானாக எங்கே எரியும். மஞ்சள் கேபிளின் அந்தக் கோடியில் ஒருவன் உட்கார்ந்திருக்கிறான்.

ஜெனிஷோடு பேசுவதற்கு வைத்திருந்த வாக்கி-டாக்கிக் கருவியை எடுத்தாள். "ஜெனிஷ், இன்னா பண்ணிகினு கீறே?"

"ஒண்ணும் இல்ல. ஸ்பீக்கர்ல ஊளச் சத்தம் வரப் பார்த்துச்சு, அடக்குறேன்."

"ஊளையும் இல்ல, மண்ணும் இல்ல. கைய எடு."

பிறகு அதே கருவியில் அய்யாத்துரையின் குரல் வந்தது. "யம்மா, இங்கன நாங்க பாத்துக்கிடுதோம். நீ உன் சோலியப் பாரு. கூட்டம் அமைதியா நடந்தாப் போதும்."

அப்போதுதான் அவளுக்கு எல்லாம் விளங்கியது. முந்தின நாள் தன்னைத் திட்டச் சொன்னது, கத்தச் சொன்னது, பத்தவில்லை என்று இன்னும் கத்த வைத்தது. லாரிக்காக இல்லை. ஒரு பெண் எந்த இடத்தில் பேச்சை விட்டுக் கோபத்துக்குப் போகிறாள், அந்த எல்லை எங்கே இருக்கிறது என்று ஹஃப்சாவின் தொண்டையை வைத்தே ஜெனிஷ் அளவெடுத்திருக்கிறான். அந்த அளவில் பூட்டுப் போட்டிருக்கிறான். கும்பிட்டுப் பேசினால் கேட்கும். நியாயம் கேட்டால் கேட்காது. வாயைப் பொத்தியிருந்தாலாவது பொத்தினார்கள் என்று ஊருக்குத் தெரியும். இது அதைவிடக் கேவலம். கத்துகிறவளையே கோமாளியாக்குகிற வேலை. அதை ஹஃப்சாவின் மைக்கிலேயே, அவள் மிக்ஸரிலேயே, அவள் குரலைக் கொண்டே செய்திருக்கிறார்கள்.

ஹஃப்சா எழுந்து சுவிட்ச் பெட்டியிடம் போனாள். மஞ்சள் கேபிளைப் பிடித்தபோது கை ஒரு கணம் தயங்கியது. பிடுங்கினால் மொத்த மண்டபமும் ஊமையாகிவிட்டால்? இல்லை, பந்தலுக்கும் மேடைக்கும் வேறு வேறு வழி இருக்கிறது. இது லேப்டாப்புக்கு மட்டும். சொடுக்கிப் பிடுங்கினாள். திரும்பி ஓடிவந்து பிளக்-இன் பொத்தானை அணைத்தாள். இந்தத் தடவை அது அணைந்தே கிடந்தது.

பூமாரி பேச்சை நிறுத்தியிருந்தாள். சிரிப்புச் சத்தம் அவள் காதுக்கும் எட்டியிருக்க வேண்டும். மைக்கைப் பக்கத்தில் நின்றவளிடம் நீட்டிக்கொண்டிருந்தாள்.

ஹஃப்சா மிக்ஸரில் இருந்த தன் மைக்கைத் திறந்தாள். இத்தனை வருஷத் தொழிலில் "மைக் டெஸ்டிங்" தவிர அதில் அவள் எதுவும் பேசியதில்லை.

"பூமாரியக்கா, மைக்கக் குடுக்காதீங்க. ஒரு நிமிஷம் நில்லுங்க. மைக்கு மேல தப்பில்ல, உங்க மேலயும் தப்பில்ல. நீங்க குரல ஒசத்தினா சத்தம் தானா கொறையிற மாதிரி உள்ள ரூம்புல உக்காந்து ஒருத்தங்க செஞ்சுகினு இருந்தாங்க. இப்ப நான் அத்தப் புடுங்கிட்டேன். முதல்ல இருந்து பேசுங்க. எல்லாருக்கும் கேக்கும்."

பந்தல் கொதித்தது. நாற்காலிகள் சரிந்தன. மணமகள் அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு அய்யாத்துரை வேர்க்க விறுவிறுக்க வந்தார். "மேடம், இந்தப் பொண்ணுக்கு வேலை தெரியல. கேபிளு கோளாறு. அத மறைக்க என்னமோ சொல்லுதா."

அதிகாரி கையை உயர்த்தினார். "இங்க பாரும்மா, இது தொழில்நுட்பக் கோளாறுதானே? சரியாயிடுச்சு இல்ல? கூட்டத்தைத் தொடரலாம்."

"கோளாறு இல்ல மேடம்." ஹஃப்சா தன் மைக்கை அணைக்கவில்லை. "கோளாறுன்னா எல்லாருக்கும் வரணும். உங்க மைக்குக்கு வரல. பக்கத்துல உக்காந்திருக்காரே, அவரு மைக்குக்கு வரல. பந்தல் மைக்குக்கு மட்டும், அதுவும் கோவமா பேசுனா மட்டும் வருதுன்னா, அத்த ஒருத்தன் உக்காந்து செஞ்சாத்தான் வரும்."

"நீங்க ஒலி அமைப்பாளர்தானே? உங்க வேலையை..."

"அதான் மேடம் என் வேலை. அவங்க பேசுறது உங்களுக்குக் கேக்க வெக்கிறதுதான் என் வேலை."

பூமாரி மைக்கை மறுபடியும் வாய்க்குக் கொண்டுபோனாள். "அப்போ எங்க பெரியவரு பேசுனது? அந்த ரெண்டு பேரு பேசுனது? அதுவும் உங்களுக்குக் கேக்கல இல்ல? அப்போ நாங்க எல்லாரும் முதல்ல இருந்து பேசுவோம். கேட்டுட்டுத்தான் நீங்க எழுந்திரிக்கணும்."

அது கணீரென்று கேட்டது. மண்டபத்துக்குள் இருந்த ஒப்பந்த ஆட்களில்கூடச் சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். அதிகாரி மேலாளரைப் பார்த்தார். மேலாளர் அய்யாத்துரையைப் பார்த்தார். வாசலில் பத்திரிகைக்காரர்களும் கைப்பேசிகளும் நெருங்கி வந்தன. மறுக்க வழியில்லை. எல்லோரும் மறுபடி பேசினார்கள். பெரியவர் பேசினார், அழுதார். பூமாரி பேசினாள். அவளுக்குப் பின்னால், பேசுவதாக இல்லாதவர்கள்கூட வரிசையில் வந்து நின்றார்கள். லாரிகள் உறுமிக்கொண்டுதான் இருந்தன. அந்த உறுமலோடு சேர்த்தே எல்லாக் குரலும் உள்ளே போயின. சாயங்காலம் வரைக்கும் ஹஃப்சா மிக்ஸரை விட்டு எழுந்திருக்கவில்லை.

கூட்டம் கலைந்த பிறகுதான் ஜெனிஷ் வெளியே வந்தான். கேபிளைச் சுருட்டுகிற சாக்கில் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"ஒரு வார்த்த கூட நான் வெட்டல, ஹஃப்சா. எல்லாம் வந்துச்சு. சத்தத்தத்தான் கொஞ்சம்..."

"பேசாதே."

"கலவரம் ஆயிடும், அடிதடி ஆயிடும்னு சொன்னாரு. வருஷம் பூரா கம்பெனி வேலை நமக்குத்தான்னாரு. நான் நம்ம கடைக்காகத்தான்..."

"நம்ம கடைன்னு சொல்லாதே. அவங்க கோவம் அவங்களுது. அவங்களாண்ட இருந்ததே அது ஒண்ணுதான். அதுல கை வெக்க நீ யாரு?" அவள் எழுந்துகொண்டாள். "என்னையே கத்த வெச்சு அளவெடுத்தே பாரு. அத்த நெனச்சா எனக்கு என் தொண்டையே அருவருப்பா கீது."

அவன் தலையைத் தூக்கவில்லை. சுருட்டிய கேபிளைத் திரும்பத் திரும்பச் சுருட்டிக்கொண்டிருந்தான்.

அதற்கப்புறம் அய்யாத்துரை சும்மா இருக்கவில்லை. புளியந்தோப்பிலிருந்து மாத்தூர் வரைக்கும் இருக்கிற மண்டபக்காரர்களிடம் எல்லாம், அந்தப் பொண்ணை வேலைக்குக் கூப்பிட்டால் நடுக்கூட்டத்தில் மைக்கைப் பிடித்துக்கொண்டு வம்பு பண்ணும் என்று சொல்லி வைத்தார். பேசி வைத்திருந்த கல்யாண வேலைகள் ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போயின. உபைதுல்லா எதுவும் கேட்கவில்லை. கூடுதல் ஷிப்ட் எடுத்துக்கொண்டான். அதிகாரி அலுவலகத்திலிருந்து நடந்ததை எழுதித் தரச் சொல்லிக் கூப்பிட்டார்கள். ஹஃப்சா போய் எழுதிக் கொடுத்தாள். அய்யாத்துரை பெயரையும் எழுதினாள். ஜெனிஷ் பெயரையும் எழுதினாள்.

இரண்டாவது பெயருக்காக ஷெர்லின் வந்தாள். ஜெனிஷின் மனைவி. ஹஃப்சாவின் கையைப் பிடித்து மருதாணி வைத்துவிட்டவள். கடை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே வந்து ஜெனிஷிடம் இருந்த கடைச் சாவியை மேசைமேல் வைத்தாள்.

"அக்கா, அவரு தூங்குறதே இல்ல. சோறு எறங்கல. யார் பண்ணாங்கன்னு சரியாத் தெரியலன்னு மட்டும் ஒரு வார்த்த மாத்தி எழுதிக் குடுங்க. உங்களுக்கு அது பெருசா?"

"எனக்கு நல்லாத் தெரியும் ஷெர்லின். தெரிஞ்சத எப்பிடித் தெரியலன்னு எழுதுறது?"

"அவரு மனசறிஞ்சு கெட்டது பண்றவரா? நீங்களே சொல்லுங்க."

"மனசறிஞ்சுதான் பண்ணான். காதால கேட்டுக் கேட்டு, இன்னும் கொஞ்சம் இன்னும் கொஞ்சம்னு சரிபார்த்துப் பண்ணான். அவன வந்து பேசச் சொல்லு. உன்ன அனுப்புறான் பாரு, அதுவும் எனக்குப் புடிக்கல."

ஷெர்லின் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இவ்ளோ கல்லு மனசா அக்கா உங்களுக்கு?" என்று கேட்டுவிட்டுப் போனாள். ஹஃப்சா வெகுநேரம் அந்தச் சாவியைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள். அழுகை வந்தது. அது இரக்கத்தில் வந்ததா ஆத்திரத்தில் வந்ததா என்று அவளுக்கே தெரியவில்லை. தப்புச் செய்தவன் வீட்டில் பட்டினி கிடக்கிறான். அதற்கும் தானே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

மழை பிடித்துக்கொள்ளும் சமயத்தில் உத்தரவு வந்தது. அந்தக் கூட்டம் செல்லாது, புதிதாக நடத்த வேண்டும், அதுவரை அனுமதி இல்லை. குப்பத்து ஆட்கள் பட்டாசு வெடித்தார்கள். பூமாரி கைப்பேசியில் கூப்பிட்டு, "ஜெயிச்சுட்டோம் கண்ணு" என்றாள். ஹஃப்சா உத்தரவின் நகலை வரவழைத்துப் படித்தாள். 'ஒலி அமைப்பில் ஏற்பட்ட தொழில்நுட்பக் கோளாறு காரணமாக' என்று ஆரம்பித்திருந்தது. ஒலி அமைப்பாளர் என்று அவள் பெயர் மட்டும் இருந்தது. அய்யாத்துரை இல்லை. ஜெனிஷ் இல்லை. மணமகள் அறையே இல்லை.

மறுநாள் காலை அவள் அந்த அலுவலகத்தில் நின்றாள். அந்த வரியை எடுக்கச் சொல்லி மனு எழுதியிருந்தாள். கூடப் பூமாரியும் இன்னும் சில பெண்களும் ஆற்றுக்குப் போகாமல் வந்திருந்தார்கள். மேசைக்குப் பின்னால் இருந்தவர் மனுவை வாங்காமலே, "மறு கூட்டம் கிடைச்சிடுச்சேம்மா, இன்னும் என்ன? ஒரு வார்த்தைதானே?" என்றார்.

"அந்த ஒரு வார்த்ததான் சார் பொய்யி" என்றாள் ஹஃப்சா.

"அதையெல்லாம் மாத்த முடியாது. மேடம் இல்லை, போயிட்டு அப்புறம் வாங்க."

"எப்போ வருவாங்க?"

"தெரியாது."

பூமாரி நடைபாதையில் முந்தானையை உதறிப் போட்டு உட்கார்ந்தாள். மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். "எயுந்திருங்க, இது ஆபீசு, இங்கல்லாம் உக்காரக் கூடாது" என்று காவலாளி ஓடிவந்தான்.

"இன்னா நைனா, உக்காந்தா இன்னா ஆயிடும்?" பூமாரி குரலை உயர்த்தினாள். மைக் இல்லாமலே அது மாடிவரைக்கும் போயிற்று. மேலே இரண்டு கதவுகள் திறந்தன. யாரோ கைப்பிடிச் சுவரில் சாய்ந்து எட்டிப் பார்த்தார்கள்.

ஹஃப்சா மேசையில் இருந்தவரின் முன்னால் மனுவை மறுபடியும் வைத்தாள். அவர் அதைத் தள்ளவில்லை. வாங்கவும் இல்லை. அவளும் கையை எடுக்கவில்லை.